ஏற்காட்டுல வாங்கின யூகலிப்டஸ் தைலம், வீட்ல யாருக்கு எத்தனை சொட்டு?

கேள்வி:

அண்ணா, நாங்க சேலம் அம்மாப்பேட்டை. போன மாசம் குடும்பத்தோட ஏற்காடு போனப்போ லேடீஸ் சீட் பக்கம் ஒரு கடையில யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில், சிட்ரியோடோரா தைலம்னு ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்தோம். சளி, மூட்டுவலி, வீசிங், கொசு எல்லாத்துக்கும் கேக்கும்னு கடைக்காரர் சொன்னார். பையனுக்கு ஒரு வயசு எட்டு மாசம், ஒரு வாரமா மூக்கு ஒழுகுது, ராத்திரி அடைச்சுக்குது. எங்க அத்தை தைலத்தை கர்ச்சீப்ல நனைச்சு அவன் சட்டையில பின் குத்தி விடறாங்க, மூக்குக்குக் கீழயும் லேசா தடவறாங்க. சக்கரையில ரெண்டு சொட்டு விட்டுக் குடுத்தா சளி அறுத்துக்கிட்டுப் போயிரும், நாங்கெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்ங்கறாங்க. வீட்டுக்காரர் தறி ஓட்டறார், வீசிங் இருக்கு, பம்ப் அடிப்பார். தைலம் மோந்தா நல்லா மூச்சு வருதுன்னு இப்ப பம்பைக் குறைச்சிட்டார். மாமாவுக்கு முழங்கால் வலி, சுகரும் இருக்கு. யாருக்கு எத்தனை சொட்டு, எப்படி யூஸ் பண்றது? தைலம் ஒரிஜினலான்னு எப்படிப் பாக்கறது?

பதில்:

தங்கச்சி, பையன் விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். அவனுக்கு எத்தனை சொட்டுன்னா ஒரு சொட்டும் வேண்டாம். மூக்குக்குக் கீழ வேண்டாம், நெஞ்சுல வேண்டாம், சட்டையில பின் குத்தின கர்ச்சீப்பும் வேண்டாம், சக்கரையில விட்டு வாய்க்குள்ள குடுக்கறது சுத்தமா வேண்டாம். இதைப் படிச்ச உடனே அந்தக் கர்ச்சீப்பை எடுத்து துவைக்கப் போட்டுட்டு மிச்சத்தை வந்து படிங்க.

ஏன்னு சொல்றேன், அத்தைகிட்ட சொல்றதுக்கும் உங்களுக்கு காரணம் வேணும் இல்லீங்களா. ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு மூச்சுக்குழாயே ரொம்பச் சின்னது, அதுல லேசா வீங்கினாலும் சளி கொஞ்சம் கூடினாலும் மூச்சு இழுக்க கஷ்டப்படும். காரமான ஆவி மூக்குல பட்டா சில குழந்தைங்களுக்கு தொண்டை அனிச்சையா இறுகிக்கும், ஒரு செகண்ட் மூச்சு நின்ன மாதிரி ஆயிடும், சளியும் குறையறதுக்குப் பதிலா கூடலாம். அதனாலதான் நம்ம எல்லார் வீட்லயும் இருக்கற விக்ஸ் வேபோரப் டப்பாவுலயே ரெண்டு வயசுக்குக் கீழ யூஸ் பண்ணாதீங்கன்னு போட்டிருக்கும், எழுத்து பொடியா இருக்கறதால யாரும் படிக்கறது இல்ல. அதுல இருக்கறது மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், அதுவும் களிம்புல கலந்து வீரியம் குறைச்சது. உங்க கையில இருக்கற பாட்டில்ல எதுவுமே கலக்காத நேரடித் தைலம், அப்ப நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

எங்க மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல மழைக்காலத்துல இது அடிக்கடி பாக்கறது. குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு ஒரு அம்மா வருவாங்க, அவங்க வாசப்படி ஏறும்போதே தைல வாசம் கடைக்குள்ள வந்துரும், குழந்தைக்கு மூக்குக்குக் கீழ மேலுதடு பூரா செவந்து தோல் உரிஞ்சிருக்கும், சளி அரிச்சிருச்சுன்னு நெனைச்சுக்கிட்டு அதுக்கு ஒரு க்ரீம் கேப்பாங்க. சளி அரிச்சது பாதி, தைலம் சுட்டது மீதி. சின்னக் குழந்தை தோல்ல நேரடித் தைலம் எரியும், அது சொல்லத் தெரியாம கையால தேச்சு கண்ணுல வேற வெச்சுக்கும், அப்புறம் ராத்திரி பூரா அழுகை.

சக்கரை வைத்தியத்துக்கு வரேன். அத்தை இல்லாததைச் சொல்லலைங்க. பழைய மருந்து நூல்கள்ல பெரியவங்களுக்கு வாய்வழி அளவுன்னு 0.05 மில்லியில இருந்து 0.2 மில்லி வரைக்கும்னு போட்டிருந்த மருந்துதான் இது, ரெண்டு சொட்டுங்கறது சுமாரா 0.1 மில்லி, அப்ப பெரியவங்களுக்கு அது அந்தக் காலத்து டாக்டருங்களே எழுதின அளவுதான். ஆனா அது பெரியவங்களுக்கு. குழந்தை விஷயத்துல இந்தத் தைலம் எவ்வளவு மோசம்னு அப்புறம்தான் நிறைய பதிவாச்சு: 2, 3 மில்லி உள்ள போனாலே மயக்கம், வாந்தி, தள்ளாட்டம் வரலாம், 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் போனா நினைவு தப்பலாம், வலிப்பு வரலாம், மூச்சு தடுமாறலாம். அதுவும் மெதுவா வராது, பல குழந்தைங்களுக்கு அரை மணி நேரத்துக்குள்ளயே ஆரம்பிச்சிடும். சக்கரையில விட்டு இனிப்பா ஒருதடவை குடுத்துட்டீங்கன்னா அந்த பாட்டில்ல ஏதோ நல்லது இருக்குன்னு அவன் கத்துக்குவான், ஒரு வயசு எட்டு மாசப் பையனுக்கு மூடி திறக்கற வித்தை வேற இப்பதான் கைவந்திருக்கும். எனக்கு ரெண்டு சொட்டை விட இந்த பயம்தான் பெருசு.

தப்பித் தவறி குடிச்சிட்டான்னா வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத்தண்ணி, முட்டை வெள்ளைக்கரு, எண்ணெய்னு பக்கத்து வீட்ல சொல்றதை எல்லாம் ஊத்தாதீங்க. வாந்தி எடுக்கும்போது இந்த எண்ணெய் நுரையீரலுக்குள்ள இறங்கினா நிமோனியா மாதிரி ஆயிடும், வயித்துல இருக்கறதை விட அது ஆபத்து. பாட்டிலைக் கையில எடுத்துக்கிட்டு 108ஐக் கூப்பிடுங்க, இல்ல வண்டி இருந்தா நேரா பெரியாஸ்பத்திரி, அதான் நம்ம மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, கேஷுவாலிட்டிக்குப் போயிடுங்க. நல்லாத்தானே விளையாடறான்னு வீட்ல வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க.

இதோட கற்பூரத்தையும் சொல்லிடறேன், நம்ம ஊர்ல தேங்காய் எண்ணெயில கற்பூரத்தைப் போட்டு காய்ச்சி நெஞ்சு, முதுகு எல்லாம் தடவறது இன்னும் பல வீட்ல நடக்குது, கற்பூரத்தைத் துணியில முடிஞ்சு கழுத்துல கட்டி விடறதும் உண்டு. கற்பூரம் தோல் வழியாவும் உள்ள போகும், குழந்தைங்களுக்கு வலிப்பு வர வைக்கற பொருள்னு மருத்துவத்துல ரொம்ப நாளா தெரிஞ்ச விஷயம். ரெண்டு வயசு வரைக்கும் அதையும் நிறுத்தி வைங்க.

சரி, அப்ப மூக்கடைப்புக்கு என்னதான் பண்றது? மெடிக்கல்ல நார்மல் சலைன் மூக்கு சொட்டு மருந்துன்னு கேளுங்க, வெறும் உப்புத் தண்ணிதான், விலையும் கம்மி. பால் குடுக்கறதுக்கு முன்னாடி, தூங்க வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூக்குலயும் ரெண்டு ரெண்டு சொட்டு, ஒரு நிமிஷம் கழிச்சு மெல்லிசு துணியால மூக்கைத் துடைச்சு விடுங்க, தைலத்தை விட இது நல்லாவே வேலை செய்யும். ஒரு வயசு தாண்டிட்டதால ராத்திரி இருமலுக்கு அரை டீஸ்பூன் தேன் குடுக்கலாம், ஒரு வயசுக்குள்ள தேன் கூடாதுங்கறது ஞாபகம் இருக்கட்டும், உங்க நாத்தனார் வீட்ல கைக்குழந்தை இருந்தா அதுக்கும் சேத்துச் சொல்லிடுங்க. சளி சிரப் நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க. குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் ரெண்டும் கலந்த சளி மருந்துகளை நாலு வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு லேபிள்லயே போடணும்னு 2023 டிசம்பர்ல அரசாங்கமே சொல்லிடுச்சு, இன்னமும் போன தடவை குடுத்த அதே சிரப்பைக் குடுங்கன்னு காலி பாட்டிலைக் காட்டிக் கேக்கறவங்க இருக்காங்க.

ஒரு வாரமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க, சாதா சளின்னா இன்னும் சில நாள் கூட இழுக்கும், அதுல பயம் இல்ல. ஆனா அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணிப் பாருங்க. அவன் வயசுக்கு நிமிஷத்துக்கு 40 அல்லது அதுக்கு மேல போனா, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ குழி விழுந்தா, பால் குடிக்க மாட்டேங்கறான்னா, எழுப்பினாலும் துவண்டு கிடந்தா அன்னைக்கே குழந்தை டாக்டர்கிட்ட காட்டணும். காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க.

இனி தைலத்தைப் பத்தி. இந்த மரம் நம்ம மரம் இல்ல, ஆஸ்திரேலியாவுல இருந்து வெள்ளைக்காரன் கொண்டு வந்து 1843 வாக்குல நீலகிரியில வெச்சது, அதனாலதான் நம்ம ஜனங்களுக்கு அது நீலகிரித் தைலம். இலையைப் பறிச்சு பெரிய அண்டாவுல திணிச்சு ஆவி ஏத்தி, அந்த ஆவியைக் குளிர வெச்சா தண்ணிக்கு மேல எண்ணெய் மிதக்கும், அதை வடிச்சு எடுக்கறதுதான். நூறு கிலோ இலைக்கு சுமாரா ஒரு கிலோ வந்தா சரியான வரவு. அதுல முக்கியமான சரக்கு சினியோல்னு ஒண்ணு, மருந்துத் தரத் தைலம்னா இது 70 சதவீதமாவது இருக்கணும். உங்க பாட்டில் லேபிளைத் திருப்பிப் பாருங்க, யார் தயாரிச்சது, எந்த ஊர், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி இதெல்லாம் இருக்கா, இல்ல வெறும் மரம் படமும் சுத்தமானதுங்கற வார்த்தையும் மட்டும்தான் இருக்கான்னு. ரெண்டாவது வகைன்னா அதை மருந்துன்னு நினைக்காதீங்க, வாசனைப் பொருள்னு நினைச்சுக்கோங்க, அதை நம்பி வீட்ல யாரும் எதையும் குணப்படுத்த வேண்டாம்.

ஒரிஜினலான்னு பாக்க வீட்லயே ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. ஒரு வெள்ளைக் காகிதத்துல ஒரு சொட்டு விட்டு ஃபேனுக்குக் கீழ கொஞ்ச நேரம் வைங்க. நல்ல தைலம்னா முழுசா ஆவியாயிடும், கறை தங்காது. எண்ணெய்க் கறை வட்டமா தங்கி வெளிச்சத்துல பளபளன்னு தெரிஞ்சா வேற எண்ணெய் கலந்திருக்கு. ஆனா இதையே பெரிய சர்ட்டிபிகேட்னு எடுத்துக்காதீங்க, டர்பன்டைன் கலந்திருந்தா அதுவும் ஆவியாயிடும், காகிதத்துல தெரியாது, அதை லேப்ல வெச்சுதான் கண்டுபிடிக்க முடியும்.

இப்ப உங்க வீட்டுக்காரர். கடிதத்துலயே என்னை ரொம்ப யோசிக்க வெச்ச வரி இதுதான், நீங்க என்னமோ போற போக்குல எழுதிட்டீங்க. தைலம் மோந்தா நல்லா மூச்சு வருதுங்கறார், அது பொய் இல்ல, அவருக்கு நிஜமாவே அப்படித்தான் தோணும். ஆனா தோணறது வேற, நடக்கறது வேற. பெப்பர்மின்ட் மிட்டாய் வாயில போட்டுக்கிட்டு தண்ணி குடிச்சா ஜில்லுன்னு இருக்கும் இல்லீங்களா, தண்ணி என்னமோ பானையில இருந்த அதே தண்ணிதான். அதே வேலைதான் மூக்குலயும் நடக்குது, குளிர்ச்சியை உணர்ற நரம்பு முனையைத் தைலம் தட்டி விடுது, காத்து நிறைய போற மாதிரி மூளைக்குத் தகவல் போகுது, மூக்குக்குள்ள வழி பெருசாகறது இல்ல. 1983லயே பிரிட்டன்ல கற்பூரம், யூகலிப்டஸ், மெந்தால் மூணையும் ஆளுங்களை மோந்து பாக்க வெச்சு கருவியால அளந்து பாத்தாங்க, காத்து போற அளவு மாறலை, ஆனா பெரும்பாலானவங்க மூக்கு நல்லா திறந்திருச்சுன்னு சொன்னாங்க.

சாதாரண சளிக்கு அந்த உணர்வு கிடைச்சாலே போதும், தூக்கம் வந்துரும், நல்லதுதான். வீசிங்குக்கு அதுதான் ஆபத்தே. அவருக்கு அடைப்பு மூக்குல இல்ல, நெஞ்சுக்குள்ள சின்னச் சின்ன மூச்சுக்குழாய்ல. அங்க சதை இறுகி, உள்பக்கம் வீங்கி இருக்கு. பம்புல இருக்கற மருந்து அந்தச் சதையைத் தளர்த்தும், வீக்கத்தை வத்த வைக்கும், தைலம் மூக்குல மட்டும் ஜில்லுன்னு ஒரு தகவல் சொல்லிட்டுப் போயிடும். உள்ள அடைப்பு ஏறிக்கிட்டே இருக்கும்போது வெளிய நல்லா இருக்குன்னு ஒருத்தர் நம்பிக்கிட்டு இருந்தா என்ன ஆகும்? ஒருநாள் ராத்திரி மூணு மணிக்கு ஆட்டோ தேட வேண்டி வரும். போதாததுக்கு வீசிங் இருக்கறவங்கள்ல சில பேருக்கு இந்த மாதிரி காரமான வாசமே மூச்சிரைப்பைக் கிளப்பி விடும்.

இதைச் சொன்னா உடனே யாராவது யூகலிப்டஸ் ஆஸ்துமாவுக்கு நல்லதுன்னு ஆராய்ச்சியே இருக்குதேன்னு வருவாங்க. இருக்கு, இல்லேங்கலை. 2003ல ஜெர்மனியில தினமும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாதான் சமாளிக்க முடியும்ங்கற அளவுக்கு ஆஸ்துமா இருந்த 32 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு சினியோல் 200 மில்லிகிராம் கேப்சூல் ஒரு நாளைக்கு மூணு வேளைன்னு 12 வாரம் குடுத்தாங்க, அவங்களால ஸ்டீராய்டு அளவைக் கொஞ்சம் அதிகமா குறைக்க முடிஞ்சுது. நல்ல விஷயம்தான், ஆனா கவனிங்க, அது சுத்தம் பண்ணின கேப்சூல், அளவு தெரிஞ்சது, டாக்டர் பக்கத்துல இருந்து மாத்திரையைப் படிப்படியா குறைச்சாங்க, மத்த மருந்தை அவங்க பாட்டுக்கு நிறுத்தலை. ஏற்காட்டு பாட்டிலை மோந்து பாத்து பம்பைத் தூக்கிப் பரண்ல வைக்கறதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த ஆராய்ச்சியைப் படிச்சுட்டு தைலத்தைக் குடிக்கறதும் வேண்டாம், அது இன்னும் மோசம்.

அதனால அவர்கிட்ட என்ன சொல்றதுன்னா, பம்பை டாக்டர் சொன்ன அளவுக்கே திரும்பக் கொண்டு வரணும், இன்னைக்கு ராத்திரியில இருந்தே. எந்த பம்ப்னும் பாருங்க. பொதுவா ரெண்டு விதம் இருக்கு: மூச்சு முட்டும்போது உடனே திறந்து விடற மருந்து ஒண்ணு, உள்வீக்கத்தைக் குறைக்கற ஸ்டீராய்டு மருந்து ஒண்ணு, ரெண்டும் கலந்ததும் வருது. நம்ம ஆளுங்க முதல் வகையை மட்டும் மெடிக்கல்ல வாங்கி மாசக்கணக்குல அடிச்சுக்கிட்டு ரெண்டாவதை ஸ்டீராய்டுன்னு பேரைக் கேட்ட உடனே விட்டுடறாங்க, இழுத்து உள்ள வாங்கற அளவு ரொம்பக் கம்மி, மாத்திரை மாதிரி உடம்பு பூரா போறது இல்ல, அடிச்சு முடிச்சு வாயைக் கொப்பளிச்சுத் துப்பிட்டா போதும். அவரையே ஒருதடவை பம்பை எடுத்துக்கிட்டு மெடிக்கலுக்கோ டாக்டர்கிட்டயோ போய் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. கவுண்டர்ல அடிச்சுக் காட்டச் சொன்னா பாதிப் பேரு மூச்சை உள்ள இழுக்கறதுக்கு முன்னாடியே அமுக்கிடுவாங்க, மருந்து நாக்குல பட்டு வீணாப் போகும், அப்புறம் பம்ப் கேக்கலைன்னு தைலத்துக்குப் போறது. முழு மூச்சையும் வெளிய விட்டு, மெதுவா இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்கி, ஆழமா இழுத்து, பத்து எண்ணற வரைக்கும் அடக்கி வெச்சு விடணும். அது வரலைன்னா ஸ்பேசர்னு பிளாஸ்டிக் குழாய் கிடைக்குது, பெரியவங்களும் தாராளமா யூஸ் பண்ணலாம், வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

தறிப்பட்டறை பஞ்சுத்தூசி வேற. காரணம் அங்க இருக்கும்போது வீட்ல எதை மோந்தும் பிரயோஜனம் இல்ல. நல்லா மூக்கோட ஒட்டற மாஸ்க், கர்ச்சீப்பைச் சுத்திக் கட்டிக்கறது இல்ல, வேலை முடிஞ்சு வந்த உடனே குளிச்சு சட்டை மாத்தறது, இதைப் பண்ணச் சொல்லுங்க. லீவு நாள்ல நல்லா இருந்து பட்டறைக்குப் போன முதல் நாளே நெஞ்சு இறுக்கமாகுதான்னு கேட்டு வெச்சுக்கோங்க, டாக்டருக்கு அது முக்கியமான தகவல்.

மாமா முழங்காலுக்கு வரலாம், இந்த வீட்ல தைலத்துக்கு உருப்படியான வேலை இருக்கறது அவர்கிட்டதான். நேரடியா தேய்க்க வேண்டாம். மூணு டீஸ்பூன் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ எடுத்து அதுல பத்து சொட்டு தைலம், ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டுன்னு வெச்சா இது சுமாரா மூணு சதவீதம், பெரியவங்க முட்டிக்கு இது சரியான காரம். முதல் தடவை முழங்கையோட உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்க, தடிக்கலை செவக்கலைன்னா முட்டிக்குத் தேய்ச்சு விடலாம். தோலை லேசா சூடேத்தி வலியை மறக்க வைக்கும், அவ்வளவுதான், தேஞ்ச எலும்பு வளராது, ஆனா பேரன் உக்காந்து கதை கேக்கற நேரத்துக்கு வலி மறந்தா அதுவே வரவுதானே. தேய்ச்ச பிறகு பையனைத் தூக்கறதுக்கு முன்னாடி கையை சோப்பு போட்டுக் கழுவணும். சுகர் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அதனால ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா: தைலம் தேய்ச்சுட்டு மேல சுடுதண்ணிப் பை, ஹீட்டிங் பேட், சுத்தி இறுக்கிக் கட்டறது எதுவும் கூடாது. சுகர்ல காலுக்கு உணர்வு மந்தமாயிருந்தா சுட்டாலும் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பாப்பார், அந்தப் புண்ணு ஆறறதுக்கு எவ்வளவு படணும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியது இல்ல. பாதத்துல வெடிப்பு, புண்ணு இருக்கற இடத்துலயும் வேண்டாம்.

அடுத்த தடவை ஏற்காடு போகும்போது மூட்டுவலிக்கு விண்டர்கிரீன் தைலம்னு இன்னொண்ணு குடுப்பாங்க, வாசம் அயோடெக்ஸ் மாதிரி இருக்கும். அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பம், ஒரு டீஸ்பூன் குழந்தை குடிச்சா உயிருக்கே ஆபத்து. மாமா இருதயத்துக்கு ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடறவரா இருந்தா தோல்ல தேய்ச்சாலும் ரத்தக்கசிவைக் கூட்டி விடும். கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு அதை வாங்கிட்டு வராதீங்க.

நீங்களும் வீட்டுக்காரரும் அத்தையும் சளி பிடிச்சா ஆவி பிடிக்கறதுக்கு யூஸ் பண்ணலாமான்னு கேக்கலை, ஆனா கேப்பீங்க. அவருக்கு வேண்டாம். உங்களுக்கும் அத்தைக்கும் ஒரு சொட்டு, மிஞ்சினா ரெண்டு, கண்ணை மூடிக்கிட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். ஆவி பிடிச்சா சளி சீக்கிரம் போகும்ங்கறதுக்கு ஆதாரம் பலமா இல்ல, இதமா இருக்கும், அதுக்காகப் பிடிக்கலாம். கொதிக்கற பாத்திரத்தைத் தரையில வெச்சு போர்வையைப் போத்திக்கிட்டு உக்காரும்போது பையன் பக்கத்துல வரக்கூடாது, ஆவி பிடிக்கற பாத்திரம் கவுந்து வெந்து போறது நடக்கற விஷயம்தான். கரண்ட்ல ஓடற வேப்பரைசர் வெச்சிருந்தா அதுக்குள்ள தைலம் ஊத்தலாம்னு கம்பெனிக்காரன் எழுதியிருந்தா மட்டும் ஊத்துங்க, பிளாஸ்டிக்கை இளக்கிடும். வீட்ல யாருக்காவது வலிப்பு நோய் இருந்தா தைலமும் கற்பூரம் கலந்த பாமும் தொடவே வேண்டாம். பெங்களூரு நரம்பியல் டாக்டருங்க, இதை மோந்தும் தடவியும் வலிப்பு வந்தவங்களைப் பத்தி, முன்னாடி வலிப்பே வராத பெரியவங்களையும் சேத்து, கட்டுரையே எழுதியிருக்காங்க.

அந்த சிட்ரியோடோரா பாட்டில் வேற ஜாதி. எலுமிச்சை வாசம் வரும், அதுல சினியோல் பெருசா இருக்காது, சிட்ரோனெல்லால்தான் அதிகம், சளிக்கெல்லாம் அது சரிப்படாது. கொசுவுக்குக் கேக்கும்ங்கறது பாதி சரி. கொசு விரட்டியா அங்கீகரிச்சிருக்கறது அந்த எண்ணெயைப் பக்குவம் பண்ணி பிஎம்டிங்கற பொருளா மாத்தினதைத்தான், கடையில கிடைக்கற நேரடி எண்ணெய் கொஞ்ச நேரம் வாசம் இருக்கற வரைக்கும் விரட்டும், அப்புறம் கொசு வந்துரும். அந்தப் பக்குவம் பண்ணினதையே மூணு வயசுக்குக் கீழ பூசக்கூடாதுன்னுதான் அமெரிக்காவுல சொல்றாங்க. பையனுக்குக் கொசுவலை கட்டுங்க. டெங்கு கொசு பகல்ல கடிக்கும், அதனால மத்தியானம் தூங்க வைக்கும்போதும் வலைக்குள்ளயே போடுங்க.

அந்த எலுமிச்சை வாசத் தைலத்தை ஒரு வாளித் தண்ணியில கொஞ்சம் சோப்புக் கரைசலோட பத்து சொட்டு விட்டு, பையன் வேற ரூம்ல இருக்கும்போது வீடு துடைங்க. சோப்பு இல்லாம விட்டா தண்ணிக்கு மேலயே மிதந்து ஒரே இடத்துல திட்டா ஒட்டும். யூகலிப்டஸ் தைலம் புது எவர்சில்வர் பாத்திரத்துல ஸ்டிக்கர் பசை ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குதுல்ல, அதுக்கு அவ்வளவு நல்லா இருக்கும், பஞ்சுல ஒரு சொட்டு நனைச்சுத் தேய்ச்சு அப்புறம் சபீனா போட்டுக் கழுவிடுங்க. பல் டாக்டருங்க ரூட் கெனால்ல அடைச்ச பழைய பசையை இளக்கறதுக்கே இதே சினியோலைத்தான் வெச்சிருப்பாங்க. அடுப்பு, சாமி விளக்கு பக்கத்துல மட்டும் வைக்காதீங்க, 50 டிகிரி சூட்டுக்குள்ளயே இதோட ஆவி தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்தாம அதே பழுப்புக் கண்ணாடி பாட்டில்லயே, மூடி இறுக்கி, பீரோ மேல் தட்டுல பூட்டி வைங்க. தலகாணிக்கு அடியில வெச்சுக்கற பழக்கம் அத்தைக்கு இருக்கும், அங்க இருந்து முதல்ல எடுங்க.